பாலாற்றுக்காக ஒரே மேசையில்...

எதிர்க்கருத்து உள்ளவரோடு உட்கார்ந்து பேசினால் ஏதாவது நடக்குமா? இதற்கு நம் பாலாற்றிலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றாலே தோல்தான். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத் தோலைப் பதப்படுத்தினார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது, ஏற்றுமதி பெருகியது. கழிவுநீர் ஆற்றிலும் நிலத்திலும் இறங்க, கிணறுகள் கெட்டன.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 28-8-1996 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாழாகியிருக்கிறது என்ற விவரங்கள் அதில் உள்ளன. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று இந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. 2001ல் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிடப்பட்டது.

வழக்கில் ஒருவர் ஜெயிப்பார், ஒருவர் தோற்பார். ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் இருவரும் அதே ஊரில்தானே வாழவேண்டும்? விவசாயிக்குக் கிணறு போய்விட்டது. டேனரியை மூடினால் தொழிலாளியின் அடுப்பு எரியாது. இரண்டுமே நியாயம்தான்.

2002 ஜனவரியில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர் எஸ்.ஜனகராஜன் முயற்சியால் விவசாயிகள், டேனரி உரிமையாளர்கள், அதிகாரிகள், தொண்டு நிறுவனத்தினர் ஒன்றாகக் கூடினார்கள். அதிலிருந்து பாலாற்றுப் படுகைக்கென்று ஒரு கூட்டுக்குழுவும் உருவானது. நீதிமன்றத்தில் வாதி, பிரதிவாதியாக நின்ற தரப்புகள் ஒரே மேசையில் உட்கார்ந்தது சின்ன விஷயமா?

ஆறு சுத்தமாகிவிட்டதா என்றால், இல்லை. 2015ல் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து 10 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்பு சொல்லி, கண்காணிக்கக் குழு அமைக்க உத்தரவிட்டது.

அப்படியானால் பேச்சு வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. சட்டம் இல்லாத பேச்சு வெறும் அரட்டை. பேச்சு இல்லாத சட்டம் ஃபைலிலேயே தூங்கும். மேசையில் முதலில் வைக்க வேண்டியது யார் குற்றவாளி என்ற கேள்வியை அல்ல, எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு என்ற கணக்கை. அதில் கட்சி, சாதி, மதம் எதுவும் கிடையாது. தோலைக் கையால் தொட்டு வேலை செய்பவருக்கும் அங்கே ஒரு நாற்காலி வேண்டும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?