டேங்க் நிறைய பெட்ரோல், பிளக் மட்டும் காய்ஞ்சு போச்சு: ஒரு சேத்தக் வரலாறு

ஆலப்பாக்கம் தாண்டி கொஞ்ச தூரத்துல வண்டி நின்னுடுச்சு. கடலூர்ல கிளம்பும்போது டேங்க் நிறைய பெட்ரோல், லிட்டருக்கு 20 மில்லி கணக்குல டூ-டி ஆயில், எல்லாம் போட்டாச்சு. பத்து நிமிஷம் ஓரமா நிறுத்தினேன். ஒரே உதையில ஸ்டார்ட். புதுச்சத்திரத்துல திரும்ப நின்னுச்சு. மறுபடி பத்து நிமிஷம், மறுபடி ஒரே உதை.

இது என் தாத்தாவோட பஜாஜ் சேத்தக். அவர் சிதம்பரத்துல பள்ளிக்கூட வாத்தியார். 1976-ல பேர் பதிஞ்சார், வண்டி கைக்கு வந்தது 1983-ல. இந்த வாரம் ஆர்.சி. புதுப்பிக்கிறதா, இல்ல பழைய இரும்புக் கடைக்கு அனுப்புறதான்னு வீட்ல ஒரு முடிவு எடுத்தாகணும். அப்பா முடிவே பண்ணிட்டார். "வயசாயிடுச்சுடா, விட்ரு"ன்னார். அவர் வண்டியைப் பத்திதான் சொன்னாரான்னு எனக்குச் சந்தேகம். ஒரு தடவை சிதம்பரம் கீழ வீதி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்னு சாவியை வாங்கிட்டு வந்தேன். மொத்தமே 45 கிலோமீட்டர்தான்.

ஏழு வருஷக் காத்திருப்புன்னு சொன்னா இப்போ யாரும் நம்ப மாட்டாங்க. 1960-ல ஸ்கூட்டர் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் மத்திய அரசு ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டுச்சு. பதிவு வரிசைப்படிதான் வண்டி. கம்பெனி நினைச்சாலும் அனுமதிச்ச அளவைத் தாண்டி தயாரிக்க முடியாது. அதனால கைக்கு வந்த வண்டியை அன்னைக்கே கூடுதல் விலைக்கு வித்தவங்களும் உண்டு. பஜாஜ் குழுமம் 1940-களின் கடைசியில வெஸ்பாவை இறக்குமதி பண்ண ஆரம்பிச்சு, 60-கள்ல இத்தாலியின் பியாஜியோ உரிமத்துல இங்கேயே தயாரிச்சது. அந்த ஒப்பந்தம் 1971-ல முடிஞ்சது. அடுத்த வருஷமே வெஸ்பா ஸ்பிரின்ட்டோட உடம்பில, மகாராணா பிரதாப்போட குதிரைப் பேர்ல சேத்தக் வந்துச்சு. மும்பையில லாம்பிரெட்டா செஞ்சாங்க, நம்ம திருவொற்றியூர்ல என்ஃபீல்டுகூட ஃபேன்டாபுலஸ்னு ஒரு ஸ்கூட்டர் போட்டாங்க. (பேரைக் கேட்டாலே ஒரு எபிசோட் பண்ணலாம்.)

இந்த வடிவத்துக்கு மூலம் 1946-ல வந்த முதல் வெஸ்பா. அதை வரைஞ்ச கொராடினோ டாஸ்கானியோ ஹெலிகாப்டர் இன்ஜினியர். அவருக்கு மோட்டார்சைக்கிளே பிடிக்காது: அழுக்கு, செயின், கால்ல சூடு. அதனால இன்ஜினைப் பின்சக்கரத்துப் பக்கமா கொண்டுபோய் மூடிட்டார். டேங்க் சீட்டுக்குக் கீழ, கார்பரேட்டர் அதைவிடக் கீழ. பெட்ரோல் பம்பே கிடையாது. புவியீர்ப்புதான் பம்ப். அதாவது டேங்க்ல எவ்வளவு பெட்ரோல் இறங்குதோ, அவ்வளவு காத்து மேல உள்ள வரணும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

கார்பரேட்டர் ஸ்கூட்டரைவிட ரொம்பப் பழசு. 1890-கள்லயே ஜெர்மனியில மேபாக்கும், ஹங்கேரியில பாங்கி, சொங்கா ரெண்டு பேரும் பெட்ரோலைத் தூவுற முறைக்கு வந்துட்டாங்க. இன்ஜின் காத்தை உறிஞ்சும், காத்து ஒரு குறுகலான இடத்துல வேகமா ஓடும், அங்க அழுத்தம் குறையும், பக்கத்துக் கிண்ணத்துல இருக்குற பெட்ரோல் ஜெட்னு சொல்ற ஊசித் துளை வழியா மேல எழும்பிக் காத்தோட கலக்கும். கிண்ணத்துல ஒரு மிதவை, அதுதான் ஃப்ளோட். மட்டம் குறைஞ்சா அது இறங்கி நீடிலைத் திறக்கும், நிறைஞ்சா மூடும். சென்சாரும் இல்ல, கோடும் இல்ல. நான் சம்பளத்துக்குப் பண்ற வேலையை ஒரு பித்தளை மிதவை பண்ணிட்டிருக்கு.

அப்பாக்கள் எல்லாம் காலையில ஸ்கூட்டரை ஒருபக்கமா சாய்ச்சுட்டு உதைப்பாங்களே, அது மூடநம்பிக்கை இல்ல. பெட்ரோல் கம்மியா இருந்தா சாய்க்கும்போது அது குழாய் வாய்க்கு வந்து சேரும். மாட்டிக்கிட்ட நீடில் அசைஞ்சு விடும். கொஞ்சம் கூடுதலா உள்ள இறங்கும். குளிர்ந்த இன்ஜினுக்கு அதுவே போதும்.

சரி, ரோட்டுக்கு வருவோம். முதல் வேலை பிளக்கைக் கழட்டுறது. ஈரமா இருந்தா பெட்ரோல் வருது, நெருப்புதான் கோளாறு, இல்லைன்னா அளவுக்கு மேல பெட்ரோல் வந்து மூழ்கியிருக்கு. காய்ஞ்சிருந்தா பெட்ரோலே வரலை. எனக்குக் காய்ஞ்சுதான் இருந்தது. ஆனா இதை நின்ன உடனே பாக்கணும். சூடானா சாகுற இக்னிஷன் காயிலும் இதே மாதிரிதான் ஓடி, நின்னு, ஆறி, ஓடும். பத்து நிமிஷம் விட்டுட்டுப் பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் மூணாவது தடவைதான் உடனே பாத்தேன்.

எனக்கு முதல் சந்தேகம் எத்தனால். 2023 பிப்ரவரியில 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வர ஆரம்பிச்சு, 2025-ல நாடு முழுக்க அதுதான்னு ஆயிடுச்சு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்ப வைக்கும். ஆனா டியூப், வாஷர் எல்லாம் போன மாசம்தான் மாத்தினேன். அடுத்து ஜெட்டுல தூசி. அப்படின்னா பத்து நிமிஷம் நின்னதும் தூசி எங்க போச்சு?

பி.முட்லூர் வரைக்கும் இப்படியே வந்து ஒரு மெக்கானிக் கடையில நிறுத்தினேன். 2020 ஏப்ரல்ல பி.எஸ்.-6 வந்ததுலேர்ந்து புது பைக்ல கிட்டத்தட்ட எல்லாமே இன்ஜெக்‌ஷன், அதனால கடையில லேப்டாப் மாதிரி ஒரு ஸ்கேனர் இருந்தது. பெரியவர் அதைத் தொடவே இல்ல.

"ஊருக்குள்ள ஓட்டும்போது நிக்குமா தம்பி?"

"இல்லண்ணே. அப்பா மார்க்கெட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போவார். ரெண்டு கிலோமீட்டர், மெதுவா."

"வேகமா வந்தா?"

"அஞ்சாறு கிலோமீட்டர்ல நிக்குது."

பக்கத்து மூடியைத் திறந்து, ஏர் ஃபில்டரைத் தூக்கி, கார்பரேட்டருக்கு வர்ற டியூபை உருவி ஒரு பாட்டில்ல விட்டார். நல்லா ஊத்துச்சு. கொஞ்ச நேரத்துல நூலாச்சு, அப்புறம் சொட்டு. ஒண்ணுமே சொல்லாம சீட்டைத் தூக்கி டேங்க் மூடியைத் திருகினார். 'புஸ்'னு ஒரு சத்தம். பாட்டில்ல மறுபடி பெட்ரோல் கொட்டுச்சு.

மூடியைத் திருப்பிக் காட்டினார். காத்து போற சின்னத் துளை மேல சாம்பல் நிறத்துல எம்சீல். ரப்பர் ஓரத்துல கசியுற கொஞ்சக் காத்துதான் உள்ள போயிட்டிருந்திருக்கு. மெதுவா ஓட்டினா அது போதும். நெடுஞ்சாலை வேகத்துக்குப் போதாது. அதுவும் டேங்க் நிறைஞ்சிருந்தா மேல இருக்குற காத்தோட இடம் குறைவு, கொஞ்சம் பெட்ரோல் இறங்கினாலே உள்ள அழுத்தம் சரிஞ்சுடும். நான் டேங்க் ஃபுல் பண்ணதுதான் விஷயத்தை வெளிய கொண்டு வந்துச்சு.

அங்கேர்ந்தே அப்பாவுக்குப் போன் பண்ணேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. டேங்க்ல தண்ணி இறங்கி, வடிச்சுக் காயவைக்கவே அவருக்கு ஒரு வாரம் ஆச்சு. அடுத்த மழைக்கு முன்னாடி ஜாக்கிரதையா அந்த ஓட்டையை அவர்தான் அடைச்சிருக்கார். அதுக்கப்புறம் ஒருதடவை சிதம்பரம் போகக் கிளம்பி, வழியில நின்னு, தள்ளிட்டு வந்து, அன்னையிலேர்ந்து மார்க்கெட் தாண்டி வண்டியை எடுக்கவே இல்ல. எட்டு வருஷத்துக்கு மேல இருக்கும். என்கிட்டயும் சொல்லல. நானும் பெங்களூர்லேர்ந்து கேக்கல.

பெரியவர் குண்டூசியால எம்சீலைக் கிளறி எடுத்தார். முப்பது ரூபாய் கேட்டார், நூறு குடுத்தேன், எழுபதைத் திருப்பிக் குடுத்துட்டார். வெள்ளாத்துப் பாலத்துல நாலாவது கியர்ல தடையே இல்லாம ஏறினேன். கீழ வீதியில நிறுத்திட்டு அப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன்.

பதில் வந்துச்சு: "வரும்போது ரிசர்வ்ல வராதே. ஆர்.சி. ஒரிஜினல் பீரோவுல இருக்கு, எடுத்து வெக்கிறேன்."