மூலநிரல் வழிச்செலுத்தல்

மூலநிரல் வழிச்செலுத்தல் என்பது, நீண்ட மூலநிரல் கோப்பொன்றில் வேண்டிய பகுதியை விரைவாகச் சென்றடைய நிரல் தொகுப்பிகள் தரும் வசதிகளைக் குறிக்கும்.

முதன்மையான வசதிகள்

- மடித்தல்: செயற்கூறின் உட்பகுதியை மறைத்து, அதன் தலைப்பு வரியை மட்டும் காட்டும். விம் தொகுப்பியில் 2001இல் வெளியான 6.0 பதிப்பு முதல் இது உள்ளது.
- பெயர்ப்பட்டியல்: கோப்பிலுள்ள வகுப்புக்களையும் செயற்கூறுகளையும் நூலின் பொருளடக்கம் போல வரிசைப்படுத்தும்.
- வரையறைக்குத் தாவுதல்: செயற்கூறு அழைக்கப்படும் இடத்திலிருந்து, அது வரையறுக்கப்பட்டுள்ள இடத்துக்கு இட்டுச் செல்லும்.
- சிறுபடம்: முழுக் கோப்பின் சுருங்கிய தோற்றத்தை ஓரத்தில் காட்டும்.

தமிழ்ப் பெயர்களும் தேடலும்

2008இல் வெளியான பைத்தான் 3.0 முதல், மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழிலேயே பெயரிடலாம். எடுத்துக்காட்டாக, தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரிப் படுகையின் நெற்பருவங்களுக்கு நீர்த்தேவையைக் கணக்கிடும் நிரலொன்றில் குறுவை, சம்பா, தாளடி என்னும் செயற்கூறுகள் இருப்பதாகக் கொள்வோம். பைத்தான் இப்பெயர்களை ஏற்கும். ஆனால், அதனுடன் வரும் சுருங்குறித்தொடர் கூறு, சொல்லெழுத்துக்களுக்கான குறியீட்டைக் கொண்டு தேடும்போது, குறுவை என்பதை க, ற, வ என மூன்று துண்டுகளாகவே காண்கிறது. ஒருங்குறியில் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்துக்களாக அன்றி, இணைகுறிகளாக வகைப்படுத்தப்பட்டிருப்பதே இதற்குக் காரணம்.

எனவே, இத்தகைய தேடலை மட்டும் நம்பி உருவாக்கப்படும் பெயர்ப்பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் சிதையும், தாவுதலும் தவறும். நிரல்மொழியின் இலக்கணப்படி பகுத்தாய்ந்து உருவாக்கப்படும் பட்டியலில் இச்சிக்கல் எழுவதில்லை. 2016இல் மைக்ரோசாப்ட் அறிவித்த மொழி வழங்கி நெறிமுறை, இப்பகுத்தாய்வைத் தொகுப்பியிலிருந்து பிரித்துத் தனி வழங்கியிடம் ஒப்படைக்கிறது. இதனால் ஒரே வழங்கியைப் பல தொகுப்பிகள் பயன்படுத்த முடிகிறது.