கிட் கட்டளைகள்: ஒரு சிறுகோட்டின் கதை

ஜெர்மனியில் பொறியியல் முதுகலை படித்த நாட்களில், முன்பு படித்த மாணவர் ஒருவர் விட்டுச்சென்ற ஸ்கிரிப்ட் என் கணினியில் ஓட மறுத்தது. 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்றது. ஒரு முழு இரவைத் தின்ற பிழை, ஒரு சிறுகோடு. அவர் 'கிட்-கமிட்' என்று எழுதியிருந்தார். என் கணினிக்கோ 'கிட் கமிட்' என்று இடம்விட்டு எழுதினால்தான் புரியும்.

கிட் என்பது, நிரல்களில் நாம் செய்யும் மாற்றங்களை ஒன்றுவிடாமல் காத்துவைக்கும் மென்பொருள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தொடங்கியது. ஆரம்பத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி நிரல்: கிட்-ஆட், கிட்-கமிட், கிட்-மெர்ஜ் என நூற்றுக்கும் மேல். இவையெல்லாம் கணினியின் பொதுக் கட்டளைகளோடு கலந்து கிடந்தன. ஆகவே 2008 பிப்ரவரியில் வந்த 1.5.4 பதிப்பிலேயே முன்னறிவிப்புத் தந்து, அதே ஆகஸ்டில் 1.6.0 பதிப்பில் இவற்றைத் தனி அடைவுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அறிவிப்பைப் படிக்காத ஸ்கிரிப்டுகள் நின்றுபோயின.

சிறுகோடு முற்றாக ஒழிந்துவிடவில்லை. கையேட்டுப் பக்கத்தின் பெயர் இன்றும் 'கிட்-கமிட்'தான். வேறு கணினியிலிருந்து நகலெடுக்கும்போது அங்கே அழைக்கப்படும் 'கிட்-அப்லோட்-பேக்' பொது இடத்திலேயே இருக்கிறது. நீங்களே 'கிட்-வணக்கம்' என்றொரு நிரல் எழுதிப் பொது இடத்தில் வைத்தால், 'கிட் வணக்கம்' என்றதும் அது ஓடும். ஆக, சிறுகோடு பெயருக்கு, இடைவெளி புழக்கத்துக்கு.

ஜெர்மானியர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. அறிமுகமாதலைக் குறிக்கும் 'கென்னன்லெர்னன்' என்ற சொல்லை 1996 எழுத்துச் சீர்திருத்தம் இரண்டாகப் பிரிக்கச் சொன்னது. 2006 திருத்தம் இரண்டு வடிவங்களையும் ஏற்றுக்கொண்டது. சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று நாமும்தான் தடுமாறுகிறோம். ஆனால் மனிதன் எப்படி எழுதினாலும் பொருளை ஊகித்துக்கொள்வான். கணினி ஊகிக்காது.

பிறருக்காக ஆவணம் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாசகர் விசைப்பலகையில் தட்டவேண்டியதை அப்படியே, இடைவெளியோடு எழுதுங்கள். கையேட்டின் பெயரைச் சொல்வதானால், அது பெயர் என்று தெரியும்படி சொல்லுங்கள். அன்று அந்த ஸ்கிரிப்டில் நான் மாற்றியது பதினோரு சிறுகோடுகள். மேலே ஒரு வரிக் குறிப்பும் சேர்த்தேன், அடுத்து வருபவர் தூங்கட்டும் என்று.