அசையாத கண்: வானிலிருந்து கடற்கரையைப் படம்பிடித்த வரலாறு



கடற்கரையிலே நின்று நோக்குகின்றவன் கடலைக் காண்கின்றானேயன்றிக் கரையைக் காண்பதில்லை. அவன் கண்ணுக்குத் தெரிவன காலடியிலுள்ள சிறிது மணலும், அதற்கப்பால் விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்புமே. கரை எங்கே வளைகின்றது, எங்கே கடலுக்குள் மூக்கை நீட்டுகின்றது, கழிமுகத்து மணற்றிட்டு எத்திசையாக வளர்கின்றது, நீருக்கடியிலே பார் எங்கே கிடக்கின்றது என்பவற்றையெல்லாம் ஒருசேரக் காணவேண்டுமாயின் அவன் மேலே எழுதல் வேண்டும். பறவைக்கு இயல்பாக வாய்த்த அந்தக் காட்சியைச் செம்மையாகப் பதிந்து வைப்பதற்கு மனிதன் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பாடுபட்டான்.

இன்று ட்ரோன் எனப்படும் சிறிய ஆளில்லா விமானம் அந்த வேலையைச் செய்கின்றது. கடற்காற்றிலே விமானம் தள்ளாடுகின்றது. ஆயினும் அதன் வயிற்றிலே தொங்கும் கமரா தள்ளாடுவதில்லை. அதனைத் தாங்கி நிற்பது கிம்பல் என்னும் சிறு பொறி. இக்கலையின் வரலாற்றைப் புரட்டுவோமாயின் ஓர் உண்மை தெளிவாகப் புலப்படும். உயரம் மனிதனுக்கு முன்னரே கிட்டிவிட்டது. அசையாமை பின்னரே கிட்டியது. அதனைத் தேடியவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. அக்கதையையே இன்றைய உரையிலே கூற விழைகின்றேன்.

1858ஆம் ஆண்டிலே பரிஸ் நகரத்துக்கு அண்மையிற் கயிற்றாற் பிணிக்கப்பட்ட பலூன் ஒன்றிலே ஏறி, நாடார் என்பவர் முதன்முதலாக வானிலிருந்து புகைப்படம் எடுத்தார். பெயர் நம்மவர் பெயர்போல ஒலித்தாலும், அது காஸ்பார் பெலிக்ஸ் தூர்நஷோன் என்னும் பிரெஞ்சுக்காரர் தமக்கு இட்டுக்கொண்ட புனைபெயராகும். அக்காலத்திலே கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன்னே படம் எடுத்து, உடனேயே கழுவியும் ஆகவேண்டும். ஆகவே இருட்டறையையும் பலூன் கூடைக்குள்ளேயே அமைக்க வேண்டியிருந்தது. நாடார் எடுத்த அந்த முதற்படம் இன்று எஞ்சவில்லை. எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது 1860ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் நாள் ஜேம்ஸ் வாலஸ் பிளக் என்பவர் அமெரிக்காவின் துறைமுக நகரமாகிய பொஸ்டனைப் பலூனிலிருந்து எடுத்த படமாகும். அன்று அவர் எட்டுத் தகடுகளிற் பதிந்தார். நன்கு தேறியது ஒன்றே.

ஏனையவை தேறாமைக்கு முதற் காரணம் ஆட்டமே. தகட்டிலே ஒளி பதிவதற்குச் சிறிது நேரம் வேண்டும். அந்நேரத்துக்குள் கூடை அசைந்தால் ஒரு வீடு இரண்டாகும். தெரு கலங்கிய நீராகும். ஒரு கணக்குச் சொல்கின்றேன். 600 மீற்றர் உயரத்திலே தரையை நோக்கியிருக்கும் கமரா ஒரேயொரு பாகை சாய்ந்தாற் போதும். அது நோக்கும் இடம் தரையிலே ஏறத்தாழ 10 மீற்றர் விலகிப் போய்விடும். கடற்கரையிலோ இத்தொல்லை இன்னும் பெரிது. அடிவானமானது நூல் பிடித்தாற்போன்ற கோடு. கமரா சற்றே சாய்ந்தாலும் கடல் முழுவதும் ஒரு பக்கமாக வழிந்தோடுவதுபோலத் தோன்றும். மலைநாட்டிலே மறைந்துவிடக்கூடிய குற்றம் கடற்கரையிலே மறையாது.

பலூனுக்கு அடுத்தபடியாக மனிதர் நாடியது பட்டத்தை. 1888ஆம் ஆண்டிலே தென் பிரான்சின் லப்ருகியேர் என்னும் ஊரிலே ஆர்தர் பத்து என்பவர் பட்டத்திலே கமராவைக் கட்டிப் பறக்கவிட்டார். மெல்ல எரிந்து செல்லும் திரியொன்று உரிய நேரத்திலே கமராவின் மூடியை இயக்கியது. வல்வெட்டித்துறையிலே தைப்பொங்கல் நாளிற் பட்டம் ஏற்றுவோரைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். முச்சை ஒரு விரற்கடை பிசகினாற் பட்டம் குத்துக்கரணம் போடுமல்லவா? அத்தகைய பட்டத்தை நம்பிக் கண்ணாடியும் பெட்டியுமாகிய கமராவை மேலே அனுப்புவது துணிவான காரியமே.

இத்துணிவின் சிகரமாக விளங்கியவர் சிக்காகோ நகரத்து ஜோர்ஜ் லோறன்ஸ். 1901ஆம் ஆண்டிலே அவர் பலூனிலிருந்து படம் எடுக்க முற்பட்டபோது, கூடை பலூனிலிருந்து அறுந்து 200 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து வீழ்ந்தது. இடையிலே தொலைபேசிக் கம்பிகள் தாங்கிக்கொண்டமையால் அவர் உயிர் தப்பினார். அதன் பின்னரே ‘மனிதன் மேலே செல்ல வேண்டியதில்லை, கமரா மட்டும் செல்லட்டும்’ என்ற வழியை அவர் கைக்கொண்டார். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரத்தைப் பூகம்பமும் அதனைத் தொடர்ந்த பெருந்தீயும் அழித்தன. ஆறு வாரங்களின் பின்னர் லோறன்ஸ் 17 பட்டங்களை ஒரே கயிற்றிற் கோத்து, 22 கிலோகிராம் எடையுள்ள கமராவை 2,000 அடி உயரத்துக்கு ஏற்றினார். கயிற்றினூடே சென்ற மின்சாரம் கமராவை இயக்கியது. கமராவைச் சுற்றி மூன்று நீண்ட கழிகள். அவற்றின் நுனியிலிருந்து இறங்கிய பட்டுக் கயிறுகள். அவற்றின் அடியிலே ஓர் ஈயக் குண்டு. காற்று எவ்வளவு அலைத்தாலும் கமரா மட்டமாக நிற்பதற்கு அவர் கண்ட உபாயம் அதுவே. வளைகுடாவும், துறைகளும், கரிந்து கிடந்த தெருக்களும் ஒரே படத்தில் அடங்கின. அழிந்துபோன கரையோர நகரமொன்றின் முழு உருவத்தையும் உலகம் அப்படத்திலே கண்டது.

நேயர்களே, லோறன்ஸின் ஈயக் குண்டுக்குப் பின்னால் மிகப் பழைய அறிவொன்று உண்டு. வளையத்துக்குள் வளையமாக அமைத்து, ஒன்றற்கொன்று குறுக்கான அச்சுக்களிலே அவற்றைத் தொங்கவிட்டால், புறவளையம் எப்படிப் புரண்டாலும் நடுவிலுள்ள பொருள் நிமிர்ந்தே நிற்கும். இதுவே கிம்பலின் மூலம். சீனாவின் சியான் நகரத்துக்கு உட்பட்ட ஹெஜியாசுன் என்னுமிடத்தில் 1970ஆம் ஆண்டிலே கண்டெடுக்கப்பட்ட தாங் காலத்துப் புதையலில் வெள்ளியாலான தூபப் பந்தொன்று இருந்தது. ஆடைக்குள் வைத்து உருட்டினாலும் உள்ளேயுள்ள கிண்ணத்திலிருந்து தணலோ சாம்பலோ சிந்தாது. ஐரோப்பாவிலே 16ஆம் நூற்றாண்டில் இதனை எழுத்தில் விளக்கிய இத்தாலிய அறிஞர் கர்தானோவின் பெயரே இதற்கு வழங்கலாயிற்று. ஆயினும் இதனைக் கண்டுபிடித்தவர் அவரல்லர். பின்னர்க் கப்பல் மாலுமிகள் தங்கள் திசையறிகருவியை இவ்வளையங்களிலே தொங்கவிட்டனர். அலையிலே கப்பல் உருண்டாலும் ஊசி மட்டமாகவே நின்றது.

ஆனால், பாரத்தை நம்பி நிற்கும் இவ்வேற்பாட்டுக்கு ஒரு குறையுண்டு. பேருந்து திடீரெனப் புறப்படும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னோக்கிச் சாய்கின்றாரல்லவா? அவ்வாறே ஊர்தி விரையும்போதும் திரும்பும்போதும் தொங்குகின்ற பாரம் ஏமாந்து போகின்றது. மெல்ல மிதக்கும் பட்டத்துக்கும் கப்பலுக்கும் அது போதும். பாய்ந்து செல்லும் விமானத்துக்குப் போதாது. அங்கே துணைக்கு வந்தது பம்பரம். வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடாது. 1852ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் பூக்கோ இக்குணத்தைக் காட்டும் கருவியொன்றைச் செய்து அதற்கு ஜைரொஸ்கோப் எனப் பெயரிட்டார். 1914ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, பரிஸ் நகரத்துக்கு அருகே செயின் ஆற்றின் மேலாகப் பறந்த லோறன்ஸ் ஸ்பெரி என்னும் இளைஞர், இத்தகைய கருவியின் துணைகொண்டு, விமானத்தின் பிடியை விட்டு இரு கைகளையும் உயர்த்திக் காட்டினார். அவருடைய துணைவர் சிறகின் மீதே நடந்து சென்றார். விமானம் சாயவில்லை.

சலனப்படம் எடுப்போர் வானத்துக்கு வந்தபோது இத்தேவை இன்னும் மிகுந்தது. ஹெலிகொப்டர் ஓரிடத்திலே நிற்கவும் மெல்ல நகரவும் வல்லது. ஆனால் அதன் உடல் முழுவதும் இடையறாது அதிரும். ‘சிவப்புப் பலூன்’ என்னும் சிறு படத்தினால் 1956ஆம் ஆண்டிலே கான் விழாவிற் பரிசு பெற்ற பிரெஞ்சுக் கலைஞர் அல்பேர் லமொரிஸ், இவ்வதிர்வு கமராவைத் தீண்டாதவாறு ஹெலிவிஷன் என்னும் அமைப்பை உருவாக்கினார். அதனைக்கொண்டு பிரான்சின் நகரங்களையும் மலைகளையும் கடலோரங்களையும் பறவையொன்று காண்பதுபோலப் படம்பிடித்து, 1960ஆம் ஆண்டிலே முழுநீளப் படமாக அளித்தார். பத்தாண்டுகளின் பின், 1970ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, ஈரானிற் கரஜ் அணைக்கட்டுக்கு அருகே படம்பிடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய ஹெலிகொப்டர் வீழ்ந்தது. அவர் உயிரிழந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புக்களைக்கொண்டு அவருடைய மனைவியும் மகனும் அப்படத்தை நிறைவு செய்தனர். நாம் ஒரு கணத்திற் கண்டு மகிழ்ந்து கடந்துபோகும் காட்சிக்குப் பின்னால் இத்தகைய உயிர்ப்பலிகளும் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

பின்னர்க் கனடாவிலே, இராணுவத் தேவைக்காகத் தொடங்கிய ஆய்விலிருந்து, பம்பரங்களாற் காக்கப்படும் உருண்டைக் கூட்டுக் கமரா பிறந்தது. அதுவும் பெருஞ்செல்வமுடைய நிறுவனங்களுக்கே எட்டியது. பம்பரம் நகத்தளவாகச் சுருங்கியபோதே சாதாரண மக்களுக்கு வழி திறந்தது. இன்றைய சில்லுக்குள்ளே சுழல்வது எதுவுமில்லை. மயிரிழையினும் நுண்ணிய சிலிக்கன் துண்டொன்று அதிர்ந்துகொண்டே இருக்கின்றது. கருவி திரும்பினால் அவ்வதிர்வின் போக்குச் சற்றே மாறும். அம்மாற்றத்தை அளந்து, ஒரு நொடியிற் பல நூறு தடவை, மூன்று சிறு மோட்டார்கள் கமராவை எதிர்த்திசையிலே திருப்புகின்றன. வள்ளத்தின் அசைவை அறிந்தவர்களுக்கு இம்மூன்றும் புதியனவல்ல: பக்கத்துக்குப் பக்கம் உருள்வது ஒன்று; அணியமும் பின்புறமும் ஏறி இறங்குவது மற்றொன்று; முகம் திரும்புவது மூன்றாவது. சீனாவின் ஷென்சென் நகரத்து டிஜேஐ நிறுவனம் 2013ஆம் ஆண்டிலே ‘பாண்டம்’ என்னும் சிறு விமானத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டிலே மூன்று அசைவுகளையும் அடக்கும் கிம்பலோடு கூடிய வகையையும் வெளியிட்டது. லோறன்ஸ் 17 பட்டங்களால் தூக்கியதையும் லமொரிஸ் ஹெலிகொப்டரால் தூக்கியதையும் ஒருவர் தோட்பையிலே கொண்டு செல்லும் காலம் வந்தது. விழுந்து நொறுங்கினாலும் அதனோடு மனித உயிர் போவதில்லை. இக்கருவி செய்த பேருபகாரங்களுள் முதலாவதாக இதனையே நான் எண்ணுகின்றேன்.

இனி, இக்காட்சியாற் பயன் யாது? அழகு ஒன்று மட்டுமோ எனின், அன்று. அமெரிக்காவிலே கென்னத் அடெல்மன், கேப்ரியேல் அடெல்மன் என்னும் தம்பதியர் 2002ஆம் ஆண்டிலே ஹெலிகொப்டரிற் பறந்து கலிபோர்னியாவின் கடற்கரையைத் தொடர்ச்சியாகப் படம் எடுத்தனர். மனைவி ஹெலிகொப்டரை ஓட்டினார். கணவர் படம் எடுத்தார். 1972ஆம் ஆண்டிலே எடுக்கப்பட்ட பழைய படங்களோடு அவற்றை ஒப்பிட்டபோது, எங்கே குன்று சரிந்தது, எங்கே கடலரண் எழுந்தது என்பவை சாட்சி கூறின. தம் மாளிகை படத்திலே தெரிகின்றதென்று புகழ்பெற்ற பாடகியொருவர் 2003ஆம் ஆண்டிலே வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. கடற்கரையின் உருவத்தை அறியும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு என்பதை அவ்வழக்கு நினைவுறுத்தியது.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் காலை, ஆழிப்பேரலை அடித்த வேளையில், குயிக்பேர்ட் என்னும் செய்மதி 450 கிலோமீற்றர் உயரத்திலிருந்து களுத்துறைக் கரையைப் படம்பிடித்தது. கடல் பின்வாங்கிச் சுழித்து நின்ற கோலத்தை அப்படத்திலே காணலாம். செய்மதி அவ்வேளையில் அங்கே வந்தது தற்செயலே. அதற்கு முன்னுள்ள ஆண்டுகளில், ஒவ்வொரு கரையோரக் கிராமமும் தன் கரையின் உருவத்தை அணுக்கமாகப் பதிந்து வைத்திருந்தால், எவ்வளவு மணல் போயிற்று, எத்துணைத் தாழை அழிந்தது என்று அளந்து பார்த்திருக்கலாமன்றோ?

எனினும் வானத்துக் கண்ணை எல்லாரும் மகிழ்ச்சியோடு வரவேற்றனர் என்று கூறுதற்கில்லை. போர்க்காலத்திலே வன்னி மக்கள் வேவு பார்க்கும் ஆளில்லா விமானத்தை அதன் இரைச்சல் கருதி ‘வண்டு’ என்று அழைத்தனர். அவ்வொலி கேட்டவர் மேலே நோக்கியது அச்சத்தோடே. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும் ட்ரோன் பறத்தல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. ஆகவே கடற்கரையிலே இக்கருவியைப் பறக்கவிடுவோர் சட்டத்தின் அனுமதியைப் பெறுவதோடு அமையாது, அக்கரையிலே வலை உலர்த்துவோரின் இசைவையும் கேட்பது நன்று. தன் குடிசைக்கு மேலே இரைவது எதுவென்று அறியும் உரிமை மாளிகைவாசிக்கு மட்டும் உரியதன்று.

நேயர்களே, கமராவை அசையாமல் நிறுத்தும் வித்தையை மனிதன் கற்றுவிட்டான். எஞ்சியுள்ள வேலை பொறுமையைச் சார்ந்தது. ஓரழகிய படத்தை ஒருநாள் எடுத்து மறந்துவிடுவதால் அதிகப் பயனில்லை. அதே கரையை, அதே உயரத்திலிருந்து, அதே பருவத்திலே, ஆண்டுதோறும் எடுத்துப் பேணுவோமாயின், அப்படங்கள் நம் பிள்ளைகளுக்குக் கரையின் சரித்திரமாக அமையும். கரை அரிக்கப்படும் ஊர்களிலுள்ள பாடசாலைகளும் மீனவர் சங்கங்களும் உரிய அனுமதியோடு இதனைத் தொடங்கலாம். முன்னோர் உயிரைப் பணயம் வைத்துத் தேடிய காட்சி இன்று நம் கைக்கு எட்டியிருக்கின்றது. அதனை வேடிக்கையோடு நிறுத்திவிடாது, கரையைக் காக்கும் அறிவாக்கிக்கொள்வது நம் கடமை.