கேகாலைத் தெருவும் மின்காரின் தொடக்க விற்பனையும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவிலே ஏறத்தாழ 77 கிலோமீற்றர் தொலைவில் அமைந்தது கேகாலை நகர். தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் காலத்தில், 1820களில், இத்தெரு வெட்டப்பட்டது. 1832இல் இதன் வழியே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடலாயிற்று. குதிரை எவ்வளவு தொலைவில் இளைக்கும் என்பதைக் கணித்தே வழியிடைத் தங்குமனைகளில் அதனை மாற்றினர். அம்பேபுசத் தங்குமனை அப்பழங்காலத்தை இன்றும் நினைவூட்டி நிற்கின்றது. 1867இல் புகைவண்டி கண்டியை எட்டியதும் குதிரையின் கணக்கு மறைந்தது. பின்னர் வந்த பெற்றோல் வண்டிக்கோ அத்தகைய கணக்கே தேவைப்படவில்லை. ஆனால், 2015ஆம் ஆண்டளவில் யப்பானிலிருந்து வந்திறங்கிய மின்கார்கள் அதே தெருவில் அதே வினாவை மீண்டும் எழுப்பின: எங்கே இளைக்கும், எங்கே இளைப்பாறும்?

மின்கார் புதியதன்று. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட 4,192 மோட்டார் வண்டிகளுள் 1,575 மின்கலத்தால் ஓடியவை. பெற்றோலால் ஓடியவை 936 மட்டுமே. கைப்பிடியைச் சுழற்றிப் பெற்றோல் இயந்திரத்தைத் தொடக்குவது கையெலும்பை முறிக்கும் வேலையாக இருந்த காலம் அது. ஆதலின் அமைதியும் தூய்மையும் உடைய மின்வண்டியை நகரத்துச் செல்வர் விரும்பினர். 1912இல் கடிலாக் வண்டியில் சார்ள்ஸ் கெற்றரிங் அமைத்த தானியங்குத் தொடக்கி அவ்விடரை நீக்கியது. போட் நிறுவனத்தின் மலிவான வண்டி எஞ்சியதையும் முடித்து வைத்தது. மின்காரை வீழ்த்தியதிற் பெரும்பங்கு இவ்விரண்டுக்கும் உரியது என்பது கருதத்தக்கது. ஊர்ப்புறங்களில் மின்கம்பி அந்நாளில் இல்லாமையும் மற்றொரு காரணமாகும்.

இரண்டாம் முயற்சி சட்டத்தின் வழியே பிறந்தது. 1990இல் கலிபோர்ணியா அரசு, 1998 முதல் விற்கப்படும் வண்டிகளில் நூற்றுக்கு இரண்டு புகையற்றவையாக இருத்தல் வேண்டும் என விதித்தது. ஜெனரல் மோட்டேர்ஸ் நிறுவனம் 1996 முதல் 'ஈ.வி.1' என்னும் காரை வெளியிட்டது. ஆயினும் அதனை ஒருவர்க்கும் விற்கவில்லை. சில நகரங்களில் வாடகைக்கே கொடுத்தது. 1,117 வண்டிகளே செய்யப்பட்டன. விதி தளர்ந்ததும் அவை திரும்பப் பெறப்பட்டுப் பெரும்பாலும் நசுக்கப்பட்டன. வைத்திருந்தோர் விலை கொடுத்து வாங்க முன்வந்தும் பயனில்லை. விற்பனை குறைவு என்று மட்டும் எழுதிவிடும் வரலாற்றாசிரியர், விற்க மனமிருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

இந்தியாவிலும் தனி முயற்சிகள் நிகழ்ந்தன. 1993இல் கேரளத்துச் சாலக்குடியையும் கோயம்புத்தூரையும் சார்ந்து தோன்றிய 'லவ்பேட்' என்னும் இருவர் அமரும் சிறு கார் அவற்றுள் ஒன்று. ஈய மின்கலத்தால் ஓடிய அதற்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. கடுகண்ணாவைக் கணவாயைக் கண்டோர்க்கு இதன் பொருள் விளங்கும். 2001இல் பெங்களூரிற் பிறந்த 'ரேவா' சற்று நீண்ட நாள் வாழ்ந்தது. அதற்கு நல்ல சந்தை தாயகத்தில் வாய்க்கவில்லை, இலண்டனில் வாய்த்தது. 2003இல் அந்நகரில் விதிக்கப்பட்ட நெரிசற் கட்டணத்திலிருந்து மின்வண்டிகள் விலக்குப் பெற்றமையே அதன் காரணம்.

பொதுமக்களுக்கெனப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட முதல் மின்கார்களுள் தலையாயது நிசான் நிறுவனத்தின் 'லீவ்'. 2010 திசெம்பரில் யப்பானிலும் அமெரிக்காவிலும் அது விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் முன்பதிவு 20,000ஐ எட்டியதும் பதிவேடு மூடப்பட்டது. முதற்கண் ஐந்து மாநிலத்தார்க்கே வண்டி கிடைத்தது. 2011 மார்ச்சில் யப்பானைத் தாக்கிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் உற்பத்தியைத் தடுத்தன. காசு கொடுக்க ஆயத்தமாயிருந்தோர் மாதக்கணக்கிற் காத்திருந்தனர்.

இலங்கைக்கு வந்தவை பெரும்பாலும் யப்பானில் ஓடிப் பழகிய லீவ் வண்டிகள். திரையில் யப்பானிய எழுத்தே தோன்றும்; வாங்கியவர் குறிகளை மனப்பாடம் செய்துகொண்டார். பெற்றோல் வண்டியினும் தீர்வை மிகக் குறைவாக இருந்தமையால் 2015இல் அவற்றின் வரவு திடீரெனப் பெருகிற்று. கார் என்பதையே எண்ணிப் பாராத நடுத்தர உத்தியோகத்தர் சிலரும் கடன்பட்டு வாங்கினர். அவ்வாண்டு நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் தீர்வையைப் பன்மடங்கு உயர்த்தவே வரவு சுருங்கிற்று. 2017 நவம்பரில் மீண்டும் தீர்வை குறைக்கப்பட்டது. 2040க்குள் நாட்டின் வண்டிகள் யாவும் எரிபொருள் விட்டொழியும் என்றும் கூறப்பட்டது. இங்ஙனம் ஈராண்டுக்கொருமுறை மாறும் கொள்கையை நம்பி மின்னேற்றும் நிலையம் அமைக்க முதலிடுவார் எவர்?

தொலைவின் கணக்கு இன்னும் கடுமையானது. லீவின் முதல் மின்கலம் 24 கிலோவாற்று மணி கொள்வது. யப்பானிய அளவையின்படி ஒருமுறை மின்னேற்றினால் 200 கிலோமீற்றர் ஓடும். அமெரிக்க அரசின் அளவையின்படி 117. கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீற்றர்! இவ்விரு அளவைகளுள் எது மெய் என்பதைக் கேகாலைக்கு அப்பால் மாவனல்லையைக் கடந்து ஏற்றந்தொடங்கும்போது வண்டியே அறிவித்துவிடும். கொழும்பு சென்று மீள்வதாயினும் 154 கிலோமீற்றர் ஆகின்றமையால் கேகாலை வாசிக்கு இடையில் மின்னேற்றம் இன்றியமையாதது. மேலும், அம்மின்கலத்தைக் குளிர்விக்கும் தனிப் பொறி லீவில் இல்லை. வெப்ப நாட்டில் அது விரைந்து தளரும். அமெரிக்காவின் அரிசோனாவில் 2012இலேயே இம்முறைப்பாடு எழுந்தது. யப்பானில் ஓடித் தளர்ந்த கலம் இலங்கை வெயிலில் மேலும் தளர்ந்தது. கடன் தீருமுன் கலம் தீர்ந்துவிடுமோ என்ற அச்சம் வாங்கியோரிடையே பரவியது வியப்பன்று.

மின்சாரத்தின் ஊற்றும் நோக்கத்தக்கது. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளால் நாடு ஒளிபெறலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918இலேயே எடுத்துரைத்தார். லக்சபான நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. ஆயின், லீவ் வந்திறங்கிய காலத்தில் 2011இல் தொடங்கிய நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் அம்மின்சாரத்திற் பங்குகொண்டிருந்தது.

கேகாலை மாவட்டம் இவ்வரலாற்றில் வழிப்போக்கர் தங்கும் இடம் மட்டுமன்று. லிதிய மின்கலத்தின் எதிர்முனை காரீயத்தாலாயது. உலகில் அரிதாகக் கிடைக்கும் தூய நாளக்காரீயம் இம்மாவட்டத்துப் பொகலைச் சுரங்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தோண்டப்பட்டு வருகின்றது. சில்லுகளுக்கு வேண்டிய இறப்பரோ எட்டியாந்தோட்டை, தெரணியகலைத் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டுவோரின் உழைப்பு. மூலப்பொருள் இங்கிருந்து கப்பலேற, வண்டி வேறு நாட்டிற் செய்யப்பட்டு, அங்கு ஓடித் தேய்ந்தபின் இங்கு வந்தது. பழைய கோப்பிக் காலத்து வாணிக முறையை இது ஒத்திருக்கின்றது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது பழைய லீவ் வைத்திருந்தோர் பிறரின் பொறாமைக்கு ஆளாயினர். எனினும் அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியமையால் அவர்களும் கடிகாரம் பார்த்தே வண்டி ஓட்டினர். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. 60 கிலோவாற்று மணி மின்கலம் பூண்ட சீன வண்டிகள் கொழும்பிற் புறப்பட்டுக் கண்டி சென்று, கேகாலையில் நில்லாமலே திரும்புகின்றன. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்வண்டியின் விலையோ அதற்கு எட்டாத் தொலைவில் உள்ளது. பால் வெட்டுவோர் இன்றும் கேகாலைக்குப் பேருந்திலேயே வருகின்றனர்.