ஈயக் குண்டின் வன்மையும் அதனை அளந்த முறைகளும்

காரீயம், வெள்ளீயம் என இரு வேறு உலோகங்களைத் தமிழ் ஒரே பெயரால் வழங்கி, நிற அடையால் மட்டும் வேறுபடுத்திற்று. இரண்டும் மெல்லியன, எளிதில் உருகுவன. இவற்றுள் காரீயம் வீட்டு அடுப்பிலேயே உருக்கி வார்க்கத்தக்கதாதலின் துப்பாக்கிக் குண்டுக்குரிய உலோகமாயிற்று. அவ்வாறு வார்த்த குண்டின் வன்மையை ஆராயும் வழக்கம் எதன்பொருட்டுத் தோன்றிற்று என்பதே ஈண்டு யாம் ஆராயும் பொருள்.

1776 சூலை 9 ஆம் நாள் நியூயார்க் மக்கள் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பொன்முலாம் பூசிய ஈயச் சிலையை வீழ்த்தினர். அதன் பெரும்பகுதி கனெக்டிகட்டிலுள்ள லிட்ச்ஃபீல்டு என்னும் ஊரை அடைந்தது. அங்கே பெண்டிரும் சிறாரும் அதனை உருக்கி 42,088 தோட்டாக்களுக்கு உரிய குண்டுகளை வார்த்தனர். ஆலிவர் வால்காட் எழுதிவைத்த கணக்கு, யார் யார் எத்துணை செய்தனர் என ஆள்வாரியாகக் கூறுகின்றது. அவர்தம் மகள் லாராவின் பங்கு 8,378, சிறுவன் பிரெடெரிக்கின் பங்கு 936. எண்ணிக்கையில் இத்துணைக் கருத்துடைய அக்கணக்கில் வன்மை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதில் வியப்பில்லை. வரிப்பள்ளமற்ற குழாயுள் தளர்வாக இறங்கும் உருண்டைக்கு வன்மையும் மென்மையும் பெரிதும் ஒன்றே.

1849 இல் பிரெஞ்சுப் படைஅலுவலர் மினியே அமைத்த குண்டு இந்நிலையை மாற்றிற்று. அடிப்புறம் குடைவுற்ற அக்குண்டு, வெடியின் அழுத்தத்தால் விரிந்து குழாயின் வரிப்பள்ளங்களைக் கவ்வுதல் வேண்டும். ஈயம் வன்மையுற்றிருப்பின் விரியாது. ஆகவே வன்மை ஆராயப்படத் தொடங்கியபோது நாடப்பட்டது மென்மையே என்பது கருதத்தக்கது. அதற்கு நகமே போதிய கருவி. தூய ஈயத்தில் நகம் கீறும். ஆயின் நகம் ‘ஆம்’, ‘அன்று’ என்பதற்கு மேல் ஒன்றும் கூறாது.

1884 இல் பிரான்சில் புகையற்ற வெடிமருந்து தோன்றியபின் குண்டின் விரைவு மிகுந்தது. மெல்லீயம் பள்ளங்களில் உரிந்து படிந்து குழாயைக் கெடுத்தது. இப்பொழுது வன்மை வேண்டப்பட்டது. வெள்ளீயமும், அஞ்சனக்கல்லினின்று பெறும் ஆண்டிமனியும் கலந்து ஈயத்தை வலுப்படுத்தினர். எத்துணை வன்மை என்னும் வினாவிற்கு எண்ணால் விடை தந்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் பிரினெல். 1900 இல் அவர் வெளியிட்ட முறை, எஃகுக் குண்டை உலோகத்தின்மேல் அழுத்தி, விழும் குழியை அளப்பதாகும். (மினியே குண்டு தோன்றிய 1849 ஆம் ஆண்டே இவர் பிறந்த ஆண்டும் ஆகும்.) அவ்வளவையில் தூய ஈயம் ஏறத்தாழ 5, ஈயம் 84, ஆண்டிமனி 12, வெள்ளீயம் 4 விழுக்காடு கலந்த லினோடைப் அச்சு உலோகம் ஏறத்தாழ 22.

அப்பொறி வீட்டில் வார்ப்பார்க்கு எட்டாதது. சிலர் வரைகோல்களால் கீறிப் பார்ப்பர். கோலின் தரம் செய்வோர்தோறும் வேறுபடுமாதலின் இதனை யாம் உயர்வாகக் கருதவில்லை. மற்றொரு முறை சாலச் சிறந்தது. தூய ஈயத் துண்டிற்கும் குண்டிற்கும் இடையே சிறு எஃகு உருண்டையை வைத்துப் பட்டறை வைஸில் இறுக்குவர். இருபுறமும் தாக்கும் விசை ஒன்றே; எனவே குழிகளின் விட்டங்களை வருக்கித்து ஒப்பிட்டால் வன்மை புலப்படும். ஈயத்தில் 4 மில்லிமீட்டரும் குண்டில் 2 மில்லிமீட்டரும் விழுந்தால் குண்டு நான்கு மடங்கு வலிது. அஃதாவது ஏறத்தாழ 20. விசை எத்துணை என்று அறியவேண்டுவதே இல்லை.

எனினும் நாளையும் குறித்தல் வேண்டும். ஆண்டிமனியும் சிறிது ஆர்செனிக்கும் கலந்த குண்டை அச்சினின்று நேரே நீரில் இட்டால், அதன் வன்மை பல நாள் வளர்ந்துகொண்டே செல்லும். வார்த்த அன்றே எடுத்த அளவு அக்குண்டின் அளவாகாது.