எக்ஸ்எஸ்எல்டி

ஓர் எக்ஸ்எம்எல் ஆவணத்தை வேறு கட்டமைப்புள்ள ஆவணமாக மாற்றப் பயன்படும் கணினி மொழி எக்ஸ்எஸ்எல்டி. ஜேம்ஸ் கிளார்க் தொகுத்த இதன் முதல் பதிப்பை டபிள்யூ3சி அமைப்பு 1999 நவம்பர் 16 அன்று தரமாக அறிவித்தது. இதில் எழுதப்படும் நிரலுக்கு நடைத்தாள் என்று பெயர். அச்சு வடிவமைப்புக்காகத் தொடங்கிய திட்டத்தின் ஒரு கிளை என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. செய்யும் வேலைக்குப் பொருத்தமானதல்ல. நடைத்தாளும் ஓர் எக்ஸ்எம்எல் ஆவணமே.

நடைத்தாள் என்பது விதிகளின் தொகுப்பு. ஆவணத்தைக் கணுக்களின் மரமாக இம்மொழி பார்க்கிறது. ஒவ்வொரு விதியும் மூல ஆவண மரத்தின் எந்தக் கணுவுக்கு உரியது என்பதை, கணுக்களைச் சுட்டும் மொழியான எக்ஸ்பாத்தில் எழுதிய கோவை சொல்லும். அந்தக் கணு எதிர்ப்பட்டால் விளைவு மரத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை விதியின் உடல் சொல்லும்.

எந்த விதியும் பொருந்தாத கணுவை என்ன செய்வது? மொழியிலேயே உள்ள இயல்பு விதிகள் குறிகளை உதறிவிட்டு உள்ளிருக்கும் உரையை மட்டும் விளைவில் கொட்டும். விதியே இல்லாத நடைத்தாளை ஓட்டினால் ஆவணத்தின் சொற்கள் ஒரே கோவையாக வந்து விழுவது இதனால்தான். புதியவர்கள் இதைப் பிழை என்று நினைப்பார்கள்.

மூல ஆவணத்துக்கும் விளைவுக்கும் கட்டமைப்பில் வேறுபாடு சிறிது என்றால், எல்லாவற்றையும் அப்படியே நகலெடுக்கும் ஒரே விதியை முதலில் எழுதி, மாற வேண்டிய உறுப்புகளுக்கு மட்டும் தனி விதி சேர்ப்பது வழக்கம். இம்மொழியின் ஆகச் சிறந்த உத்தி இதுவே.

வேறுபாடு பெரிதானால் வேலை கடினம். ஒரு நூலகப் பட்டியலில் ‘நூல்’ உறுப்புக்குள் ‘ஆசிரியர்’ இருக்கிறது என்று கொள்வோம். (எக்ஸ்எம்எல் உறுப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம்.) வேண்டியதோ ஆசிரியர் வாரியாக நூல்கள். இப்படிக் குழுவாக்க முதல் பதிப்பில் நேர்வழி இல்லை. ஸ்டீவ் மூன்ச் என்பவர், மதிப்பைக் கொண்டு கணுக்களைத் தேட உதவும் சாவி அட்டவணை வழியே ஒரு சுற்றுவழி கண்டார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 2007இல் வந்த இரண்டாம் பதிப்பு இதற்கென்றே ஒரு கட்டளையைத் தந்தது. 2017இல் வந்த மூன்றாம் பதிப்பு, பெரிய ஆவணங்களை முழுவதும் நினைவகத்தில் ஏற்றாமல், ஓட்டமாகப் படித்து மாற்றவும் வழிசெய்தது.

இவ்விரு பதிப்புகளையும் தொகுத்த மைக்கேல் கே உருவாக்கிய சாக்சன் இவற்றைச் செயல்படுத்தும் முக்கிய மென்பொருள். இணைய உலாவிகளில் உள்ளமைந்த செயலிகளோ முதல் பதிப்பைத் தாண்டவே இல்லை.